படகு எஞ்சினின் புகைக்குழாயில் கடல்நீர்க் கசிவு: தொடக்கநிலையினருக்கு ஓர் எளிய விளக்கம்

படகுக்குள் பொருத்தப்படும் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் புகையும் கடல்நீரும் ஒரே குழாயில் கலந்துதான் வெளியே போகின்றன. லாரி எஞ்சினைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சைலன்சரில் தண்ணீர் இருந்தாலே ஏதோ கெட்டுவிட்டது என்று அவர்கள் நினைப்பார்கள். படகிலோ அந்தத் தண்ணீர் வேண்டுமென்றே அங்கே விடப்படுகிறது. அது குழாய்க்குள் இருக்கும்வரை கவலை இல்லை. குழாயை விட்டு வெளியேறி எஞ்சின் அறைக்குள் சொட்டத் தொடங்கினாலோ, அதைவிட மோசமாக, வந்த வழியே திரும்பி எஞ்சினுக்குள் இறங்கினாலோதான் சிக்கல் தொடங்குகிறது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ புதிதாக எஞ்சின் படகு வாங்கியவர்களும், எஞ்சின் வேலையை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் இந்த இரண்டு வகைக் கசிவையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. உங்கள் படகின் புகைக்குழாய் எஞ்சின் அறையிலிருந்து செங்குத்தாக எழுந்து, மேலே காற்றில் புகையை விடுமானால் அது உலர் முறை. இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாது. புகை வெளியேறும் துளை படகின் பின்பலகையில், நீர்மட்டத்தை ஒட்டி இருந்து, எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து புகையோடு தண்ணீரும் கொப்பளித்து விழுமானால் அது ஈர முறை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஈர முறை ஏன் தேவைப்படுகிறது? சுமை ஏறிய டீசல் எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையின் வெப்பம் 400 பாகை செல்சியசைத் தாண்டக்கூடியது. மரத்தாலும் கண்ணாடி இழையாலும் ஆன ஒரு படகின் மூடிய அறைக்குள் அவ்வளவு சூடான இரும்புக் குழாயை நீளமாகக் கொண்டுசெல்வது தீயை அழைப்பதற்குச் சமம். அதனால் எஞ்சினைக் குளிர்வித்து முடித்த கடல்நீரைப் புகைக்குள்ளேயே தெளித்துவிடுகிறார்கள். தண்ணீர் பட்ட கணத்தில் புகையின் வெப்பம் 100 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதன்பின் ரப்பர் ஹோஸ் வழியாகவே அதைப் பாதுகாப்பாக வெளியே அனுப்பலாம். சத்தமும் பெருமளவு குறைகிறது.

தண்ணீர் செல்லும் வழியை மனத்தில் வரிசையாகப் பதித்துக்கொள்வதுதான் கசிவைக் கண்டுபிடிக்கும் கலையின் பாதி. படகின் அடியில் உள்ள கடல் வால்வு வழியாக நீர் உள்ளே வருகிறது, வடிகட்டியைக் கடக்கிறது, இம்பெல்லர் எனப்படும் ரப்பர் இறக்கைச் சக்கரம் சுழலும் பம்பு அதை இழுத்துத் தள்ளுகிறது, எண்ணெய்க் குளிர்விப்பானையும் வெப்பப் பரிமாற்றியையும் சுற்றி வருகிறது, கடைசியில், எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் புகை மேனிஃபோல்டின் முனையில் பொருத்தப்பட்ட, எல்போ எனப்படும் வளைந்த குழாய்த் துண்டுக்குள் நுழைகிறது. இங்கேதான் தண்ணீரும் புகையும் முதன்முதலாகச் சந்திக்கின்றன. கலவை அங்கிருந்து ஹோஸ் வழியாகக் கீழிறங்கி, வாட்டர்லாக் எனப்படும் கலனில் சேர்கிறது. கலனில் நீர் ஓரளவு நிறைந்ததும் பின்னால் வரும் புகையின் அழுத்தம் அதை மேலே தள்ள, உயர்ந்து வளைந்த ஒரு குழாயைத் தாண்டிப் பின்பலகை வழியாக வெளியே போகிறது. எஞ்சின் நின்றதும் மேட்டைத் தாண்டாத நீர் மீண்டும் கலனுக்குள்ளேயே வடிந்து தங்குகிறது. அது எஞ்சினுக்குத் திரும்பிவிடாமல் தாங்கிக்கொள்வதே கலனின் வேலை.

இந்த நீண்ட வழியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் எல்போதான். ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் உப்புநீர், எஞ்சின் நின்றபின் ஈரமும் காற்றும்: இரும்பு அரிப்பதற்கு வேண்டிய அனைத்தும் அங்கே ஒன்றுகூடியிருக்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சூடான உலோகத்தின்மேல் நீர் ஆவியாகும்போது அந்த உப்பு படிவமாக ஒட்டிக்கொள்கிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து நீரோடு சேர்ந்து அமிலமாவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 தர டீசல் வந்தபின் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டதால், இன்று உப்பும் வெப்பமுமே முதன்மைக் காரணங்கள் என்பது என் கருத்து.

சில ஆண்டுகள் உழைத்த ஓர் எல்போவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சொற்களுக்குத் தேவையே இராது. புகை நுழையும் வாயில் கரி ஒரு விரல் தடிமனுக்குக் கெட்டியாகப் படிந்து, வட்டமாக இருந்த துளையைப் பிறை வடிவமாக்கியிருக்கும். நீர் தெளிக்கும் சிறு துளைகளில் பாதி, சுண்ணாம்பு போன்ற வெண்படிவத்தால் அடைபட்டிருக்கும். வெளிப்புறத்தில் வண்ணப்பூச்சு நன்றாகவே தோன்றும். ஆனால் திருப்புளியின் முனையால் லேசாகக் கீறினால் துரு ஏடு ஏடாக உரிந்து வரும், ஓரிடத்தில் முனை உள்ளேயே இறங்கிவிடும். வார்ப்பிரும்பு எல்போ இப்படி மெல்ல மெலிந்து கெடுகிறது. துருப்பிடிக்காத எஃகு எல்போ வேறு விதமாகக் கெடும். அதன் மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்க, வெல்டு போட்ட கோட்டை ஒட்டி ஊசிமுனைத் துளைகள் விழும். பளபளப்பை நம்பி எஃகு எல்போவைப் பல ஆண்டுகள் பார்க்காமல் விடுவது தவறு.

கசிவு எங்கிருந்து வருகிறது?

எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டதும் புகைக்குழாயைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. புரொபெல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்திலும் சொட்டும்; பம்பின் சீல் தேய்ந்தாலும் சொட்டும்; மேல்தளத்து மழைநீரும் ஐஸ் உருகிய நீரும் கீழே இறங்கும். ஆகவே முதலில் நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது எஞ்சினுக்குள் சுற்றும் கூலண்ட். கடல்நீர்ப் பாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தெளிந்த உப்புநீராக இருந்தால், புகையோடு கலப்பதற்கு முந்தைய பகுதியில், அதாவது வால்வு முதல் எல்போவின் நீர் நுழைவாய் வரை எங்கோ கசிகிறது. கரி கலந்து கறுத்து, டீசல் புகையின் நெடியோடு இருந்தால் எல்போவிலோ அதற்குப் பிந்தைய ஹோஸிலோ கலனிலோ கசிகிறது. இந்த ஒரு சோதனையே தேடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்து, எப்போது கசிகிறது என்று கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் சொட்டினால் பம்பின் அழுத்தம் இருக்கும் பகுதியில் பழுது. படகு சும்மா கட்டிக் கிடக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்து, கடல் வால்வை மூடியதும் நின்றால், கசிவு நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள நுழைவுப் பகுதியில் இருக்கிறது. இடத்தைத் துல்லியமாகக் காண, சந்தேகம் உள்ள இணைப்புகளையெல்லாம் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, அடியில் செய்தித்தாளை விரித்து, படகைக் கட்டிய நிலையிலேயே எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஹோஸுக்கு அடியில் தெரியும் துளி அங்கே பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. மேலே, இரு உலோக முகங்களுக்கு நடுவே கசியாதபடி வைக்கப்படும் தகடான கேஸ்கட்டில் கசிந்த நீர் குழாயின் அடிப்பக்கமாகவே ஓடி, தாழ்ந்த முனையை அடைந்த பிறகே சொட்டும். துளி விழும் இடத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே மேல்நோக்கிப் போய், ஈரம் தொடங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே கை வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கசிவு சிறிதாக இருந்து, எஞ்சின் வெப்பத்திலேயே உலர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது தண்ணீர் தெரியாது, அதன் தடம் தெரியும். இணைப்பின் விளிம்பில் வெண்மையான உப்புப் பொருக்கு, அதிலிருந்து கீழிறங்கும் துருக்கோடு, கேஸ்கட்டைச் சுற்றிப் புகைக்கரியின் கறுப்பு விசிறல் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்த இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கறுப்பு விசிறல் இன்னொன்றையும் சொல்கிறது. நீர் வெளியேறும் இடைவெளி வழியாகப் புகையும் வெளியேறும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சினில் அது குறைவுதான் என்றாலும், எஞ்சின் அறைக்கு அடுத்த அறையில் ஆட்கள் படுத்துறங்கும் படகில் புகைக் கசிவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் ஒத்திப்போடக் கூடாது.

வெளியே சொட்டும் கசிவைச் சரிசெய்தல்

எளிய பழுதுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஹோஸ் இணைப்பில் கசிந்தால் கிளிப்பை இறுக்கிப் பாருங்கள். ஆனால் அதற்குமுன் கிளிப்பின் அடிப்பக்கத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருக்கும் கிளிப் அடியில் துருவேறி அறுந்துபோகும் நிலையில் இருக்கும். புகை ஹோஸின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப்புகள் வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது அரை அங்குல அகலம் கொண்டதாக, திருகும் சேர்த்து 316 வகைத் துருப்பிடிக்காத எஃகால் ஆனதாக இருக்க வேண்டும். இரண்டு திருகுகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் பிடிப்பு சீராக இருக்கும். ஹோஸை அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்று குழைந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ, உள்சுவர் உரிந்து தொங்கினாலோ அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உரிந்த உள்சுவர் புகையின் வழியை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும் என்பதால், வெளியே கசியாத ஹோஸையும் ஆண்டுக்கொரு முறை உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

மாற்று ஹோஸ் வாங்கும்போது சிக்கனம் பார்க்கக் கூடாது. வயலுக்கு நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. எஸ்.ஏ.இ. ஜே2006 என்னும் தரக்குறி கொண்ட கடல்சார் புகை ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். முழு வேகத்தில் ஓடும்போது குளிர்நீர் முற்றிலும் நின்றுபோனாலும் 2 நிமிடம் தாக்குப்பிடிக்கும்படி அந்தத் தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த 2 நிமிடம் எச்சரிக்கை மணி ஒலித்து எஞ்சினை நிறுத்துவதற்கான அவகாசம். பொருத்தும்போது ஹோஸ் எங்கும் தொய்ந்து நீர் தேங்காதபடி, ஓர் அடி நீளத்துக்கு அரை அங்குலமாவது சரிவு கொடுக்க வேண்டும்.

மேனிஃபோல்டுக்கும் எல்போவுக்கும் நடுவே உள்ள கேஸ்கட்டில் கசிந்தால், போல்ட்டை இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்ற எண்ணமே முதலில் வரும். சூடு பட்டுப் பட்டு முறுகிப்போன போல்ட் அதில் முறிந்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். துரு கரைக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி ஊறவிட்டு, நிதானமாகக் கழற்றுவதே முறை. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்தபின் இரு முகங்களின்மீதும் நேர்விளிம்புள்ள எஃகு அளவுகோலை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். முகம் அரித்தோ வளைந்தோ இருந்தால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் கசியும். லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். போல்ட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில், எஞ்சின் கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

எல்போவே துளைத்துவிட்டால்? கடலின் நடுவே இருக்கும்போது, கரைக்கு வந்து சேர்வதற்காகத் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் நாடாவையோ எப்பாக்சிப் பசையையோ பயன்படுத்தலாம். அதுவும் நீர் கலந்து குளிர்ந்த பகுதிக்கு மட்டும். நீர் சேர்வதற்கு முந்தைய, புகை மட்டும் செல்லும் சூடான பகுதியில் எந்தப் பசையும் நிற்காது. கரை சேர்ந்த பிறகும் அந்தக் கட்டோடே தொழிலுக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். வார்ப்பிரும்பில் வெல்டு வைப்பது கடினம். முறையாகச் சூடேற்றி மெல்ல ஆறவிடாவிட்டால் பக்கத்திலேயே புதிய வெடிப்பு ஓடும். அதோடு, ஓரிடத்தில் துளை விழுந்திருக்கிறது என்றால் மற்ற இடங்களும் அதே அளவுக்கு மெலிந்திருக்கும். புதிய எல்போ வாங்குவதே முடிவில் செலவு குறைந்த வழி. எஃகு எல்போவாக இருந்து, பழுது வெல்டு கோட்டில் மட்டும் இருந்தால், ஆர்கான் வெல்டு செய்யத் தெரிந்த கைதேர்ந்தவரிடம் கொடுக்கலாம். திரும்ப வாங்கும்போது துளைகளையெல்லாம் அடைத்து, உள்ளே குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

உள்ளே இறங்கும் கசிவு

இனிச் சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கட்டுரையில் முதலிடம். வெளியே சொட்டும் நீரைக் கண்ணால் பார்க்கலாம், வாளியால் இறைக்கலாம். எஞ்சினுக்குள் இறங்கும் நீர் கண்ணுக்குத் தெரியாது. அரை லிட்டர் கொள்ளளவும் 18க்கு 1 அழுத்த விகிதமும் கொண்ட ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது மேலே எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். தண்ணீரைக் காற்றைப் போல நெருக்க முடியாது. ஆகவே அந்த 30 மில்லிலிட்டருக்கு மேல் நீர் சிலிண்டரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால், எஞ்சின் அப்படியே பூட்டிக்கொள்ளும், அல்லது கனெக்டிங் ராடு வளையும்.

நீர் அங்கே போகும் வழிகள் சில உண்டு. நீர்ச்சுவர் கொண்ட, அதாவது இரட்டைச் சுவர்களுக்கு நடுவே நீர் ஓடும் மேனிஃபோல்டிலோ எல்போவிலோ உட்சுவர் அரித்துத் துளை விழுந்தால், வெளியே ஒரு துளியும் தெரியாமல், எஞ்சின் நின்றபின் நீர் மெதுவாக எஞ்சினின் புகை வால்வு வழியே சிலிண்டருக்குள் வடியும். காலையில் எஞ்சின் வழக்கத்துக்கு மாறாகத் திணறிக் கிளம்புவதும், வெண்ணிறப் புகை நெடுநேரம் நிற்காமல் வருவதும், எண்ணெய் அளக்கும் கம்பியில் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஒட்டியிருப்பதும் இதற்கான அறிகுறிகள்.

எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்த படகுகளில் இன்னொரு வழி இருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகும் கடல்நீர் சைபன் முறையில் தானாகவே இழுபட்டு எல்போவுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். கலன் நிறைந்ததும் நீர் எஞ்சினுக்குள் ஏறும். இதைத் தடுக்க, எல்போவுக்கு நீர் செல்லும் ஹோஸை நீர்மட்டத்துக்கு ஓர் அடிக்கு மேலே உயர்த்தி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அந்த வால்வில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆண்டுக்கொரு முறையாவது கழற்றி நன்னீரில் கழுவ வேண்டும்.

மூன்றாவது வழி நம் கையாலேயே நடப்பது. எஞ்சின் கிளம்பாதபோது மீண்டும் மீண்டும் ஸ்டார்ட்டரை அழுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் பம்பு நீரைத் தள்ளுகிறது. எஞ்சின் ஓடாததால் அந்த நீரை வெளியே தள்ளப் போதிய புகை அழுத்தம் இல்லை. கலன் நிறைந்து நீர் திரும்புகிறது. இரண்டு மூன்று முயற்சியில் கிளம்பாவிட்டால் கடல் வால்வை மூடிவிட்டு முயல வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்ட நொடியே வால்வைத் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் இம்பெல்லர் கருகும், ஆகவே வால்வின் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

நம் கரையில் நான்காவது வழியையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் துறைமுகங்களுக்கு ஆற்று முகத்துவாரம் வழியாகத்தான் நுழைகிறோம். மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் அலை பின்னாலிருந்து எழும்பி வந்து பின்பலகையில் மோதும்; எஞ்சின் வேகத்தைக் குறைத்திருக்கும் அந்த நேரத்தில் புகையின் அழுத்தமும் குறைவாக இருப்பதால், நீர் வெளித்துளை வழியாக உள்ளே ஏற முடியும். வெளித்துளையில் ரப்பர் மூடி இருப்பதும், பின்பலகைக்கு முன் குழாய் போதிய உயரத்துக்கு வளைந்து இறங்குவதும் இதனால்தான் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கெடிலமும் உப்பனாறும் கொண்டுவரும் சேற்றுநீர் இம்பெல்லரையும் தேய்க்கும், எல்போவின் தெளிப்புத் துளைகளையும் அடைக்கும். அப்போது வடிகட்டியை அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது.

சிலிண்டரில் நீர் இறங்கிவிட்டது என்ற ஐயம் எழுந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, அந்தத் துளைகள் வழியாக நீரை வெளியேற்ற வேண்டும். பிறகு எண்ணெயையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றி, சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் எண்ணெயை மாற்ற வேண்டும். எண்ணெய் தெளிவாகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். உப்புநீர் உள்ளே தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் சிலிண்டர் சுவரில் துரு ஏறுகிறது என்பதால், மெக்கானிக் மறுநாள் வருவார் என்று காத்திருக்காமல் நீரை வெளியேற்றும் வேலையையாவது அன்றே முடித்துவிடுங்கள்.

விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. எல்போவைக் கழற்றிப் பார்க்க அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. தடை முடியும் வாரத்தில் பட்டறைகளில் கூட்டம் நெரியும், உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்காது. எனவே தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே கழற்றி, தேவையானதைச் சொல்லிவைத்துவிடுவது நல்லது.

வேலை முடிந்து எஞ்சினை முதன்முறை ஓட்டும்போது, கிளப்பிய சில நொடிகளுக்குள் பின்பலகைத் துளையில் நீர் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் உடனே நிறுத்துங்கள். படகைக் கட்டிய நிலையிலேயே அரை மணி நேரம், கொஞ்சம் சுமையோடு ஓட்டி, உலர்ந்த செய்தித்தாளை மறுபடியும் அடியில் விரித்து ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள். பிறகு எஞ்சின் முழுவதும் ஆறியதும் எல்போ போல்ட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் இன்னொரு முறை இறுக்குங்கள். புதிய கேஸ்கட் முதல் சூட்டில் சற்றே அமுங்கும். முதல் நாள் இறுக்கியது மறுநாள் தளர்ந்திருக்கும்.